மஸில் கார் மோகம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1964-இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் அமெரிக்கச் சாலைகளை ஆண்ட மஸில் கார்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பலர், அமெரிக்காவின் பல மாநிலங்களில் வசித்துக்கொண்டு இந்தக் கார்களில் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் வாங்கத் துடிப்பவர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஃபோர்டு மஸ்டாங்கை மஸில் கார் என்று சொல்லலாமா? வார இறுதியில் நண்பர்கள் கூடும்போதெல்லாம் இந்த வாக்குவாதம் முடிவில்லாமல் நீள்கிறது.
– ஓஹையோ வாசகர்

பதில்: நடுத்தர அளவும் மலிவான விலையும் கொண்ட ஒரு காரில், பெரிய கார்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினைப் பொருத்துவதுதான் மஸில் காரின் அடிப்படை. இந்த இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்திய முதல் கார் 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ என்பதே பெரும்பாலோர் கருத்து. 1949-இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ராக்கெட் 88-ஐயும், 1955-இல் 300 குதிரைத்திறனுடன் வந்த கிரைஸ்லர் சி-300-ஐயும் முன்னோடிகளாகச் சொல்வது நியாயமே. ஆனால் அந்தக் கிரைஸ்லர் வசதி படைத்தவர்களின் கார். சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞனின் கைக்கு எட்டிய விலையில் அந்த வேகத்தைக் கொண்டுவந்தது ஜிடிஓதான்.

அது பிறந்த விதமே ஒரு சுவையான கதை. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலக் கொள்ளளவுக்கு மேற்பட்ட என்ஜினைப் பொருத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை அப்போது விதி வைத்திருந்தது. அதன் பிரிவான பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடன் பணியாற்றிய பில் காலின்ஸ், ரஸ் ஜீ ஆகியோரும், தங்களிடமிருந்த 389 கன அங்குல என்ஜின் வெளி அளவில் 326 கன அங்குல என்ஜினை ஒத்தது என்பதையும், ஆகவே டெம்பெஸ்ட் காரில் அது சிரமமின்றி உட்காரும் என்பதையும் அறிந்திருந்தார்கள். புதிய கார் என்று அறிவித்தால் தலைமையின் அனுமதி வேண்டும். டெம்பெஸ்ட் வரிசையில் ஏற்கெனவே உள்ள லெமான்ஸ் மாதிரிக்குக் கூடுதல் விலையில் ஒரு விருப்பத் தொகுப்பு என்று சொன்னால் வேண்டியதில்லை. அந்த வழியில் வெளிவந்த ஜிடிஓ, ஒற்றைக் கார்புரேட்டருடன் 325 குதிரைத்திறனையும், மூன்று கார்புரேட்டர்களுடன் 348 குதிரைத்திறனையும் தந்தது. 5,000 விற்றாலே போதும் என்று கணக்கிட்டிருந்த இடத்தில், முதல் ஆண்டிலேயே 32,000-க்கும் அதிகமாக விற்றது.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் அடிப்படை விலையில் அறிமுகமானது. அந்த விலைக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் என்ஜின்தான். ஆகவே அதையும் அதைத் தொடர்ந்து 1967-இல் வந்த கமாரோ, ஃபயர்பேர்டு ஆகியவற்றையும் ‘போனி கார்’ என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். ஆனால் 428 கோப்ரா ஜெட் என்ஜின் பொருத்திய 1968 மஸ்டாங்கையோ, பாஸ் 429 என்ற மஸ்டாங்கையோ பார்த்துவிட்டு ‘இது மஸில் கார் இல்லை’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பதே உங்கள் நண்பர்களுக்கு என் யோசனை.

கேள்வி: எங்கள் தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவர் தம்முடைய 1965 ஜிடிஓவை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். சாதாரண லெமான்ஸில் ஜிடிஓ சின்னங்களை ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?
– மிச்சிகன் வாசகர்

பதில்: அந்த பயம் நியாயமானது. 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜிடிஓ ஒரு விருப்பத் தொகுப்பாகவே விற்கப்பட்டதால், காரின் அடையாள எண்ணை மட்டும் வைத்து அது ஜிடிஓவா, வெறும் லெமான்ஸா என்று சொல்ல முடியாது. 1966-இல்தான் அது தனி மாதிரியாகி, எண் 242 என்று தொடங்கலாயிற்று. ஆகவே உங்கள் வழக்கில் தொழிற்சாலைக் காகிதம்தான் சாட்சி. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பு, தொழிற்சாலைப் பதிவுகளின் நகலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறது. அந்தக் கார் எந்த என்ஜினோடும் எந்தக் கியர்பாக்ஸோடும் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பது அதில் தெரிந்துவிடும். அந்த நகல் கைக்கு வருமுன் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த முதியவர் உண்மையானவராகவே இருப்பார். ஆனால் அவருக்கு விற்றவர் எப்படிப்பட்டவர் என்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம்.

வேறு கார் தேடுபவர்களுக்காகவும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு, ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை உரிமத்துடன் வைத்திருக்கும் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸின் அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களில், முன் ஃபெண்டரின் உட்புறம் திருகியிருக்கும் சிறு உலோகத் தகட்டில் விருப்பத் தொகுப்புகளின் குறியீடுகள் அச்சாகியிருக்கும். அத்துடன் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் பார்த்துப் பொருத்திய பில்டு ஷீட் என்ற தாளும், பின் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கிடையே செருகப்பட்டு அப்படியே தங்கியிருப்பதுண்டு. இருக்கையைத் தூக்கியவுடன், எலி கடித்த ஓரங்களுடனும் பழுப்பேறிய மடிப்புகளுடனும் அந்தத் தாள் கிடைத்துவிட்டால், அதன் சொந்தக்காரருக்கு அதைவிடப் பெரிய புதையல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அது பெட்ரோல் டேங்கின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு.

அறுபதுகளில் அமெரிக்காவில் விற்ற ஷெவ்ரலே கார்களுக்கு அத்தகைய தொழிற்சாலைப் பதிவு கிடைப்பதில்லை. ஆகவே போலிகளும் அங்கேதான் அதிகம். 1966 முதல் 1968 வரையிலான ஷெவ்ரலே செவெல் எஸ்எஸ் 396 காரின் எண் 138 என்று தொடங்கும் என்பது ஒரு நல்ல பிடி. 1969-இலிருந்து எஸ்எஸ் மீண்டும் விருப்பத் தொகுப்பாகிவிட்டதால் அந்தப் பிடியும் போய்விட்டது. 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 என்ஜின் பொருத்திய 1970 செவெல் என்று யாராவது சொன்னால், பில்டு ஷீட்டோ முதல் விற்பனை ரசீதோ இல்லாமல் அந்த விலைக்குத் தலையாட்டாதீர்கள். 1968 முதல் என்ஜினிலும் கியர்பாக்ஸிலும் காரின் எண்ணில் ஒரு பகுதி பொறிக்கப்பட்டது என்றாலும், பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பொறிப்பவர்கள் இருக்கிறார்கள். எண் பொறித்த இடத்தின் மேற்பரப்பில் தொழிற்சாலை இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் இருக்க வேண்டும்; அது வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். என்ஜின் வார்க்கப்பட்ட தேதி, கார் தயாரான தேதிக்கு முந்தியதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் 1968-ஆம் ஆண்டு பிளிமத் ரோட் ரன்னர் இருக்கிறது. சனிக்கிழமைக் காலையில் அதைக் கிளப்புவதே எனக்குத் தனி இன்பம். ஆக்ஸிலரேட்டரை ஒரே ஒரு முறை தரைவரை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் சோக் மூடிக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் என்ஜின் உறுமிக்கொண்டு வேகமாகச் சுழலும். சற்று நேரம் கழித்துப் பெடலை லேசாகத் தட்டினால் சாந்தமாகிவிடும். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் வெளியே ஓடி வந்துவிடுகிறார்கள். புதிய கார்களை ஓட்டும் என் கணவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. என்னைப் போல வேறு பெண்களும் இருக்கிறார்களா?
– இல்லினாய் வாசகி

பதில்: இருக்கிறார்கள், அம்மா. இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே உங்களுடையதைப் போன்றவை இன்னும் சில உண்டு. உங்களிடம் இருப்பதோ, இந்த வகைக் கார்களின் மனசாட்சி என்று நான் நினைக்கும் கார். 1968 வாக்கில் மற்ற மஸில் கார்கள் அலங்காரங்களைச் சேர்த்துக்கொண்டு விலையேறிவிட்டபோது, பிளிமத் எல்லாவற்றையும் கழற்றிவிட்டது. முன்னால் நீள பெஞ்ச் இருக்கை, தரையில் கம்பளத்துக்குப் பதிலாக ரப்பர் விரிப்பு. ஆனால் பானெட்டுக்கு அடியில் 335 குதிரைத்திறன் கொண்ட 383 கன அங்குல என்ஜின், நான்கு வேகக் கியர்பாக்ஸ், எல்லாம் சேர்த்து 2,896 டாலர். ரோட் ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். அந்தப் பறவையைப் போலவே கூவும் ஹாரனை உருவாக்கத் தனியாகச் செலவழித்தார்கள். ஏறக்குறைய 20,000 விற்கும் என்று எதிர்பார்த்த கார், முதல் ஆண்டில் அதைப் போல இரு மடங்குக்கும் மேல் விற்றது.

உங்கள் கணவரின் கேள்விக்கு என்னால் சொல்லக்கூடிய பதில் இதுதான். இந்தக் காரில் நடப்பது ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். உங்கள் 383-இல், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முன்பக்கமே நிற்கிறது. ஷெவ்ரலே வைத்திருப்பவர்களைப் போல என்ஜின்மீது கவிழ்ந்து பின்சுவரை நோக்கிக் கை நீட்ட வேண்டியதில்லை. அதன் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் பாயின்ட்டுகளுக்கிடையே, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகி, தகடு லேசான உரசலுடன் வெளிவரும் அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்து, தீப்பொறி விழும் தருணத்தைக் காட்டும் டைமிங் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கிளப்பினால், என்ஜின் முன்னைவிடச் சீராக ஓடுவது காதுக்கே கேட்கும். நீங்கள் செய்த வேலைக்குக் கார் உடனே பதில் சொல்கிறது. கணினியின் ஆளுகையில் உள்ள காரில் இந்த உறவுக்கு இடம் குறைவு. அடுத்த முறை பாயின்ட் பார்க்கும்போது டைமிங் விளக்கைக் கணவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: 1970-இல் 370, 450 என்று குதிரைத்திறனைப் பறைசாற்றிய நிறுவனங்கள், 1972-இல் திடீரென்று 300-க்கும் 250-க்கும் இறங்கிவிட்டனவே. இரண்டே ஆண்டுகளில் என்ஜின்களுக்கு என்ன நேர்ந்தது?
– பென்சில்வேனியா வாசகர்

பதில்: அந்த வீழ்ச்சியில் பாதி உண்மை, பாதி அளவீட்டு மாற்றம். 1971 வரை நிறுவனங்கள் விளம்பரப்படுத்தியது மொத்தக் குதிரைத்திறன். அதாவது ஏர் ஃபில்டர், காரில் வரும் சைலன்சர், மின்விசிறி போன்ற சுமைகள் எதுவுமின்றி என்ஜினை மேடையில் வைத்து அளந்த எண். 1972 முதல், காரில் இருப்பதைப் போலவே எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நிகரக் குதிரைத்திறன் வழக்கத்துக்கு வந்தது. பான்டியாக்கின் 455 எச்ஓ என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள்: 1971-இல் 335, 1972-இல் 300, இரண்டு ஆண்டும் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் எரிகலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) அதே 8.4. மாறியது பெரும்பாலும் அளவுகோல்தான்.

ஆனால் அந்த 8.4-இல்தான் உண்மையான வீழ்ச்சியும் இருக்கிறது. 1970-இன் உயர்ரக என்ஜின்களில் அந்த விகிதம் 10-க்கும் 11-க்கும் மேல் இருந்தது. 1970-இன் தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடும் வரம்புகளை விதித்தது; அதை நிறைவேற்றப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரப்போகிறது, ஈயம் கலந்த பெட்ரோல் அதைக் கெடுத்துவிடும் என்பதால், ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடும்படி ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லேயே தன் என்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்துவிட்டது. அதே சமயம் காப்பீட்டு நிறுவனங்கள் அதிகத் திறன் கொண்ட கார்களை ஓட்டும் இளைஞர்களிடம் கூடுதல் பிரீமியம் வசூலிக்கத் தொடங்கின. மாதத் தவணையைக் கட்ட முடிந்த பலரால் காப்பீட்டைக் கட்ட முடியவில்லை. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடைதான் மஸில் கார்களைக் கொன்றது என்று பலர் எழுதுகிறார்கள். அது வந்தபோது இந்தக் கார்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே விற்பனைப் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்வதே சரி.

கேள்வி: 1969 செவெல் ஒன்றை வாங்கி, தினமும் அதிலேயே அலுவலகம் போய்வர ஆசை. போகவர 40 மைல். முடியுமா?
– வட கரோலினா வாசகர்

பதில்: முடியும். தினமும் வேண்டாம், வாரத்தில் ஓரிரு நாள் என்று வைத்துக்கொண்டால் காருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஆனால் இந்தக் கார்களை ஓட்டாமல் போர்வை போர்த்தி வைத்திருப்பவர்களைவிட, ஓட்டித் தேய்ப்பவர்களையே எனக்குப் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டே இருக்கும் காரில் சீல்கள் காய்ந்து ஒழுகும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகப் படியும், பிரேக் சிலிண்டர்கள் இறுகிப்போகும்.

முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். பல மஸில் கார்கள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடன் வெளிவந்தவை. முன் டிஸ்க் பிரேக் பெரும்பாலும் கூடுதல் விலைக்குக் கிடைத்த வசதி. ஒரு முறை பலமாகப் பிடித்தால் டிரம் நன்றாகவே நிறுத்தும். நெரிசலில் அடுத்தடுத்துப் பிடிக்கும்போது சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினாலும் அப்படியே. உங்கள் பழக்கமெல்லாம் புதிய கார்களின் பிரேக்கில் ஊறியது என்பதால், முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றும் உபகரணத் தொகுப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. தினசரி ஓட்டத்துக்கு முதலில் செய்ய வேண்டிய செலவு அதுதான். 1966 வரையிலான பல கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றாகவே இருந்தது: ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 முதல் இரட்டைச் சுற்று வந்ததால், உங்கள் 1969 அந்த வகையில் பாதுகாப்பானது.

அடுத்து, பின் அச்சின் கியர் விகிதம். கால் மைல் பந்தயத்தை மனத்தில் வைத்து 4.10 விகிதத்துடன் வாங்கப்பட்ட காராக இருந்தால், ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கியர்) இல்லாத அந்த நான்கு வேகக் கியர்பாக்ஸில் மணிக்கு 70 மைல் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,700 முறை சுழன்றுகொண்டிருக்கும். அரை மணி நேரத்தில் காது வலிக்கும், பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். 3.31 அல்லது அதற்குக் குறைந்த விகிதமுள்ள காரைத் தேடுங்கள். அல்லது ஓவர்டிரைவ் உள்ள ஐந்து வேகக் கியர்பாக்ஸை மாட்டிவிட்டுப் பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். டயரைப் பொறுத்தவரை, இழைகளைக் குறுக்காக அடுக்கிய பழைய பயஸ் பிளை டயர்களின் அச்சு அசலான மறுபதிப்புகள் டென்னசியின் சாட்டனூகாவில் உள்ள கோக்கர் டயர் போன்ற நிறுவனங்களிடம் கிடைக்கின்றன. கண்காட்சிக்கு அவை அழகு. அலுவலகம் போக ரேடியல் போடுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய 1968 கமாரோவில் அசல் என்ஜின் எப்போதோ போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் இன்றைய எல்எஸ் வகை வி8 என்ஜினை மாட்டினால் பாவம் செய்தவனாவேனா?
– டெக்சஸ் வாசகர்

பதில்: நிச்சயமாக இல்லை. அசல் என்ஜின் இருக்கும் காரில் அதைப் பிடுங்கிவிட்டு மாற்றினால்தான் எனக்கு வருத்தம். உங்கள் காரில் இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், டிஸ்க் பிரேக், நல்ல ஸ்டீயரிங் பாக்ஸ் என்று நவீன உறுப்புகளைப் பழைய உடலுக்குள் சேர்த்துக் கட்டும் ‘ரெஸ்டோமாட்’ கார்களுக்கு ஏல மேடைகளிலும் இன்று மதிப்பு இருக்கிறது. ஆனால் ஒன்று: உடலை வெட்டாமல் செய்யுங்கள். என்ஜினுக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள தீச்சுவரை அறுக்காமல், என்ஜின் உட்காரும் மேடையை மாற்றாமல், போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்தால், நாளை வாங்குபவர் விரும்பினால் அந்தக் காலத்து 327-ஐ மறுபடி உட்கார வைக்கலாம். 1967 முதல் 1969 வரையிலான கமாரோவுக்குக் கதவு முதல் தரைத் தகடு வரை புதிதாக அடித்து விற்கிறார்கள். டைனாகார்ன் நிறுவனம் முழு உடற்கூட்டையே செய்து தருகிறது. உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லாத கார் உங்களுடையது.

கேள்வி: இன்றைய பெட்ரோலும் ஆயிலும் அந்தக் காலத்து என்ஜினுக்கு ஒத்துக்கொள்ளுமா? குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைக்கும்போது என்ன செய்ய வேண்டும்?
– நியூஜெர்சி வாசகர்

பதில்: ஈயமில்லாத பெட்ரோலால் வால்வு இருக்கைகள் தேயும் என்ற அச்சம், நீண்ட நேரம் கடும் சுமையில் ஓடும் என்ஜின்களுக்கே அதிகம் பொருந்தும். வார இறுதி ஓட்டத்துக்காக என்ஜினைப் பிரிக்காதீர்கள். வேறு காரணத்துக்காகச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிடுங்கள். அழுத்த விகிதம் 10-க்கு மேல் இருந்தால் பங்கில் கிடைக்கும் 91 அல்லது 93 ஆக்டேனையே நிரப்புங்கள். மேட்டில் ஏறும்போது என்ஜினில் ‘கிணிகிணி’ என்ற தட்டல் சத்தம் கேட்டால் டைமிங்கைச் சற்றே பின்னுக்குத் தள்ளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்தே அரிக்கும். தீ விபத்துக்கு வழிவகுக்கும் இந்தக் குழாய்களை, எத்தனாலைத் தாங்கும் புதிய ரகத்துக்கு உடனே மாற்றுங்கள்.

ஆயில் விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். இந்த என்ஜின்களின் கேம்ஷாஃப்டும் தட்டையான டாப்பெட்டும் ஒன்றன்மேல் ஒன்று உரசியே ஓடுகின்றன. அந்த உரசலைத் தாங்க உதவும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மத்தின் அளவை, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய சாதாரண ஆயில்களில் குறைத்துவிட்டார்கள். பழைய என்ஜினுக்கென்று துத்தநாகம் கூடுதலாகச் சேர்த்த ஆயிலையே ஊற்றுங்கள். குளிர்காலத்துக்கு முன் ஆயிலை மாற்றி, டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்த்துச் சில மைல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பேட்டரிக்குப் பராமரிப்புச் சார்ஜர் போதும். நடுவில் ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். என்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும்.

கேள்வி: புகைச் சோதனை, காப்பீடு ஆகியவை எப்படி?
– கலிபோர்னியா வாசகர்

பதில்: உங்கள் மாநிலத்தில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. காப்பீட்டைப் பொறுத்தவரை சாதாரணப் பாலிசி எடுக்காதீர்கள்; விபத்து நேர்ந்தால் ‘பழைய கார், தேய்மானம்’ என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். சேகரிப்புக் கார்களுக்கென்று உள்ள நிறுவனங்களில், இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பை எழுதிவைக்கும் பாலிசி கிடைக்கும். பூட்டிய கராஜும், அன்றாடப் பயணத்துக்கு வேறொரு காரும் பொதுவாக நிபந்தனைகள்.

கேள்வி: பங்குச் சந்தையைவிட மஸில் காரில் பணம் போடுவது லாபம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாஷிங்டன் மாநில வாசகர்

பதில்: உங்கள் ஊரான சியாட்டிலில் 2014-இல் நடந்த ஏலத்தில் 1971-ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது, அதைக் கேட்டுவிட்டுத்தான் உங்கள் நண்பர் பேசுகிறார். உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் செய்யப்பட்ட கார் அது. உங்களாலும் என்னாலும் வாங்க முடிந்த கார்களின் கதை வேறு. நல்ல டிங்கரிங், பெயின்ட், குரோம் பூச்சு என்று ஒரு காரை முழுமையாகப் புதுப்பிக்க ஆகும் செலவு, பெரும்பாலான மாதிரிகளில் அதன் விற்பனை விலையைத் தாண்டிவிடும். இளமையில் இவற்றை ஆசையோடு பார்த்த தலைமுறைக்கு வயதாகிவருவதால், விலை எந்தப் பக்கம் சாயும் என்பதும் உறுதியில்லை. ஓட்டி மகிழ வாங்குங்கள். ஹெமி, எல்எஸ்6 என்று பேரும் புகழும் கொண்டவற்றைத் துரத்துவதைவிட, காகிதங்கள் ஒழுங்காக உள்ள ஒரு 1970 பிளிமத் டஸ்டர் 340 என் கண்ணுக்கு மேலான கார். 275 குதிரைத்திறன், எடை குறைவு, வளைவுகளில் பெரிய என்ஜின் கார்களைவிடச் சொன்னபடி கேட்கும்.

கேள்வி: இத்தகைய கார்களையெல்லாம் ஒரே இடத்தில் காண எங்கே போகலாம்?
– இண்டியானா வாசகர்

பதில்: ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, டெட்ராய்ட்டுக்கு வடக்கே வுட்வர்டு அவென்யூவுக்குப் போங்கள். ஃபெர்ன்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட 1995-இல் தொடங்கிய வுட்வர்டு டிரீம் குரூஸ், இன்று ஆயிரக்கணக்கான கார்கள் பான்டியாக் நகரம் வரை ஊர்ந்து செல்லும் விழாவாகிவிட்டது. அறுபதுகளில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலை. நிறுவனங்களின் பொறியாளர்களும் இரவில் தங்கள் கார்களை அங்கே கொண்டுவந்து பரீட்சித்ததுண்டு. மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் நிழல் பார்த்து உட்காருங்கள். கார் வைத்திருப்பவர்களிடம் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள். பானெட்டைத் திறந்து வைத்திருப்பவர் கேள்விக்காகவே காத்திருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. அவளுடன் சேர்ந்து பழுதுபார்க்க ஒரு பழைய கார் வாங்க நினைக்கிறேன். அதிக அனுபவம் எங்கள் இருவருக்குமே இல்லை. எதை வாங்கலாம்?
– ஜார்ஜியா வாசகர்

பதில்: 1967 அல்லது 1968 மஸ்டாங் கூப்பே, 289 கன அங்குல என்ஜினுடன். ஆரம்பத்திலேயே 390, 428 என்று போகாதீர்கள். அந்தப் பெரிய என்ஜின்கள் அடைத்துக்கொண்டிருப்பதால் ஸ்பார்க் பிளக் மாற்றுவதே பெரும்பாடு. 289-ஐச் சுற்றி இருவர் கை நுழைய இடமிருக்கும். ஆணி முதல் கதவு வரை எல்லா உதிரிபாகமும் புதிதாகக் கிடைக்கும், தொழிற்சாலைக் கையேட்டின் மறுபதிப்பும் கிடைக்கும். மகள் ஓட்டப்போகிறாள் என்றால் முன் டிஸ்க் பிரேக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டும் போட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.

கார் பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பின் சக்கர வளைவுகளிலும் கதவின் அடி ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகடு போய்ப் பட்டி பூசியிருக்கிறார்கள். டிக்கியின் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். வினைல் கூரை இருந்தால் அதன் ஓரங்களை விரலால் அழுத்திப் பாருங்கள், கொப்புளமாகத் தட்டுப்பட்டால் அடியில் துரு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் துளைகள். இந்த மஸ்டாங்குகளில் அதற்கு அடியில் உள்ள கவுல் பகுதி துருப்பிடித்து ஓட்டையாவது வழக்கம். அதைச் சரிசெய்ய முன்பகுதியையே பிரிக்க வேண்டிவரும். விற்பவரின் அனுமதியுடன், ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றச் சொல்லி மகளிடம் கொடுங்கள். நீங்கள் டார்ச்சுடன் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, இரு பக்கமும் தரை விரிப்பில் ஈரம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் விலை பேசத் தொடங்கலாம்.